சாம்பல் பட்ட மஞ்சள்

என் மகள் தன் நாற்பத்து நான்காம் வயதில், சுங்கைப்பட்டாணி மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த பிறகு, ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டாள். நோய் இல்லை, யாத்திரை இல்லை. இலையையும் பட்டையையும் மரத்தூளையும் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்காக. ஆறு மாதத்துக்குள் அந்தத் தொழிலில் கால் ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு பழைய மேசைக்கே திரும்ப வேண்டும். அந்த மேசையில் ஒரு நாளைக்கு எண்ணூறு மின்சுற்றுத் தகடுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் அவள் மூக்குக் கண்ணாடி மூன்று முறை மாறிவிட்டது. திரும்பப் போக அவளுக்கு விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது.

அலோர் ஸ்டாரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, மங்குஸ்தீன் தோலில் சாயம் ஏற்றிய கழுத்துத் துணி ஒன்றை என் மடியில் போட்டாள்.

"இந்தக் கலரப் பாருங்கப்பா. எந்த மெஷினும் இத தராது."

பார்த்தேன். தேத்தண்ணீர் கொட்டிய துணி போல இருந்தது. அப்படியே சொன்னேன். அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்தவன். தவறைத் தவறு என்று சொல்வது எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் பன்னிரண்டடி சிமெண்டுத் தரையில், மூன்று அண்டாக்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாற்பது லிட்டர். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஓர் அண்டா சாயத்துக்கு நான்கு அண்டா அலசும் தண்ணீர். ஒரு கேஸ் தோங் உருளை ஒன்பது நாள் வந்தது. சமையலுக்கு மட்டும் என்றால் அது எங்களுக்கு நாற்பது நாள். துணி இந்தியாவில் இருந்து கப்பலில் வருகிறது. சாயம் பிடிக்கப் போடும் படிகாரம் நெகிழிச் சாக்கில் வருகிறது. இவ்வளவையும் கூட்டினால் இயற்கை எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய்க்கால்ல போற தண்ணிய பாருங்க. மீன் சாகாது," என்றாள்.

வாய்க்காலில் மீன் இல்லை. ஆனால் அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒருவர் பனியனுக்கு அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடும். வாய்க்கால் ஓரத்துப் புல் கருகிக் கிடக்கும். எங்கள் பக்கத்துப் புல் பச்சையாகவே இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்வதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கஞ்சத்தனம் உண்டு.

மூன்றாம் மாதம் பலாமரத் தூள் வந்தது. மரவேலை செய்யும் மலாய்க்காரர் ஒருவர் இரண்டு சாக்கு கொடுத்தார். படிகாரத்தில் ஊறிய பருத்தி, அந்தத் தூள் கொதித்த தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்து வெளியே வந்தபோது நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். அது பழுத்த மஞ்சள். சத்தம் போடாத மஞ்சள். ஒரு துண்டை வெட்டிப் பாதியை அட்டையால் மூடி வெயிலில் வைத்தேன். பத்து நாள் கழித்து அட்டையை எடுத்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு துண்டைச் சவுக்காரம் போட்டு இருபது முறை துவைத்தேன். கொஞ்சம் ஆழம் கூடியது, அவ்வளவுதான்.

"இது நிக்கும்," என்றேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. ரெக்கார்ட் பண்ணி வெச்சிக்கறேன்," என்றாள். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்று ஒருமுறை.

சனிக்கிழமைகளில் மெர்கோங் கடைவீதியில் மேசை போட்டாள். நானும் காடியில் ஏறிக் கூடப் போவேன். வாங்க வருகிறவர்கள் ஒரே மாதிரிக் கேட்பார்கள். ஒரு அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "கெமிக்கல் இல்லதானே சிஸ்டர்? ஸ்கின்னுக்கு நல்லதுதானே?" என்றார்.

"ஒண்ணுமே இல்ல, எல்லாம் மரம், இலை," என்றாள் மகள்.

"படிகாரமும் கெமிக்கல்தாங்க. தண்ணியும் கெமிக்கல்தான்," என்றேன் நான்.

அந்த அம்மா துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் எதிர்ப்பக்கம் பார்த்தபடி, "அப்பா, நீங்க காடியிலயே உக்காந்திருங்க லா," என்றாள். உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தும் எண்ண முடியும். நின்று பார்த்தவர்கள் ஐம்பத்தாறு பேர், தொட்டுப் பார்த்தவர்கள் முப்பது, வாங்கியவர்கள் நான்கு. வாங்கிய நால்வரும் அதை நெகிழிப் பையில் போட்டுத்தான் எடுத்துப் போனார்கள்.

ஐந்தாம் மாதம் கோயில் வந்தது.

சிடாம் கிரி பக்கம் நாங்கள் பிறந்த தோட்டம் இருந்தது. ரப்பர் பால்மரமெல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனையாகி, தொழிலாளர் லயங்கள் இடிந்து, கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை தீமிதிக்கு எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே பெண்களும் பூக்குழியில் இறங்குவார்கள். முந்தைய ஆண்டு ஒரு பெண் கட்டியிருந்த பாலியஸ்டர் சேலையின் ஓரம் கங்கு பட்டு உருகிக் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. தோலோடு உரித்துத்தான் எடுத்தார்கள். அதனால் இந்த முறை இறங்கும் பெண்கள் முப்பத்தேழு பேருக்கும் பருத்திச் சேலை என்று நிர்வாகம் முடிவு செய்து, என் மகளைத் தேடி வந்தது. அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. இது நன்றாக நடந்தால் பினாங்கிலும் ஈப்போவிலும் நான்கு கோயில்களுக்குச் சொல்லிவிடுவதாகக் கோயில் தலைவர் சொன்னார். லாரி ஓட்டி ஓய்ந்தவர், என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்தவர், வாய் பெரியது. மகள் அன்று மாலையே தொழிற்சாலைக்கு வேலையை விடும் கடிதத்தை எழுதினாள். அனுப்பவில்லை. தீமிதி முடிந்து அனுப்பலாம் என்று மேசையில் வைத்தாள்.

பலாத்தூள் மஞ்சளை அவர்களிடம் காட்டினாள். கூட வந்த பெண்கள் மூவரும் முகர்ந்து பார்த்தார்கள்.

"இதுல மஞ்ச வாசமே இல்லியே," என்றாள் ஒருத்தி.

"அம்மனுக்கு நேந்துகிட்டு மரத்தூளையா கட்டிக்கிறது?" என்றாள் இன்னொருத்தி. "மஞ்சன்னா மஞ்சக்கெழங்கு லா."

"கிழங்கு மஞ்சள் வெயில்ல நிக்காது. சவுக்காரம் பட்டா சிவந்துடும்," என்று நான் குறுக்கே போனேன்.

"பத்து நாளைக்குத்தானே வாத்தியாரே," என்றார் தலைவர். "அதுக்கப்புறம் செவந்தா என்ன, கறுத்தா என்ன?"

மகள் ஒப்புக்கொண்டாள். எட்டுக் கிலோ மஞ்சள்தூள், பத்து அண்டாச் சாயம், எட்டு நாள். முதல் நாளிலிருந்தே நான் சவுக்காரத்தைப் பற்றியே பேசினேன். வகுப்பில் ஆண்டுதோறும் செய்து காட்டிய பாடம் அது: மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரோ சவுக்காரத் தண்ணீரோ பட்டால் சிவக்கும். காரம் எதுவானாலும் சிவக்கும். சேலை வாங்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும், சீட்டு எழுதி வைக்க வேண்டும், வாளியில் பழைய சவுக்காரம் இருந்தாலும் ஆபத்து. திங்கட்கிழமை காலை அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நூறு தடவ சொல்லிட்டீங்க."

"பதினாலு தடவை."

"போதும்பா. எனக்குத் தல சுத்தி பெனிங் வருது. காப்பு கட்டியிருக்கேன், கோவப்படக்கூடாது. இனிமே தீமிதி முடியிற வரைக்கும் இந்தச் சேலைய பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. ஒரு வார்த்த. புரியுதா?"

புரிந்தது. நாற்காலியை முன்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். செவ்வாயும் புதனும் சேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் திறக்கவில்லை.

வியாழன் காலை அவள் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையச் சாம்பலோடு வந்தாள். எங்கள் கோயிலில் கடையில் விற்கும் வெள்ளைத் திருநீறு கிடையாது. போன ஆண்டுப் பூக்குழியில் எரிந்த பால்மரக் கட்டைகளின் சாம்பலைச் சலித்து டின்னில் வைத்துக் கொடுப்பார்கள். அவள் வந்த கையோடு கடைசி ஈரச் சேலைகளை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சேலையின் ஓரத்தில், அவள் விரல் பிடித்த இடத்தில், கட்டைவிரல் அளவு சிவப்பு தெரிந்தது.

வெளியே போய்ப் பார்த்தேன். சாமி மாடத்தில் இருந்த பொட்டலத்தில் ஒரு சிட்டிகைச் சாம்பல் எடுத்து, வெட்டி எறிந்திருந்த மஞ்சள் துண்டில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். ரத்தச் சிவப்பு. நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் அதே. மரச்சாம்பல் காரம் என்று முப்பத்து நான்கு ஆண்டு சொல்லிக்கொடுத்தவன், எட்டு நாளில் ஒருமுறைகூட அதை நினைக்கவில்லை. நான் சாம்பல் பூசுவதில்லை. என் கணக்கில் அது இல்லை.

அப்போது உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்து அடி தூரம். நான் கொடியில் அந்தச் சேலையைத் திருப்பிப் போட்டேன், சிவப்பு உள்பக்கம் போகும்படி. பிறகு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சாம்பல் நெற்றியில் இருக்கிறது, சேலை கீழே இருக்கிறது. ஞாயிறு தீமிதியன்று வெயில் அடிக்கும், சேலை காய்ந்திருக்கும். இரண்டு மூன்று பேருக்குச் சிறு பொட்டாகப் படலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். கவனித்தாலும், நான் சொன்னதைக் கேட்காமல் கிழங்கு மஞ்சளுக்கு ஒப்புக்கொண்டது யார்? இந்தக் கடைசி வரி கணக்கு இல்லை என்று அப்போதே தெரியும்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முப்பத்தேழு பெண்களும் வரிசையில் நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது. பாலியஸ்டர் மஞ்சள் கண்ணைக் குத்தும். இது அந்தி வெயிலோடு சேர்ந்து தானாக எரிவது போல இருந்தது. "யார் சாயம் போட்டது?" என்று இரண்டு பேர் என் காதுபடக் கேட்டார்கள். மகள் வரிசையின் பக்கவாட்டில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவள் முகத்தை அவ்வளவு நிறைவாக நான் அதிகம் பார்த்ததில்லை.

இறங்குமுன் ஒவ்வொருவர் தலையிலும் வேப்பிலை போட்ட தண்ணீரை ஒரு குடம் ஊற்றினார்கள். என் கணக்கில் அந்தக் குடம் இல்லை. உருமி வேகமெடுத்தபோது ஏழாவதாக நின்ற பெண்ணுக்கு அருள் வந்தது. பெண்டாங்கில் இருந்து வந்தவள். கல்யாணமாகி நான்கு ஆண்டு, பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். மாமியார் பக்கத்தில் தாங்கிப் பிடித்திருந்தார். அருள் வந்து ஆடுகிறவர்கள் மேல் பூசாரி சாம்பலை அள்ளி வீசுவார். இது நான் ஐந்து வயதிலிருந்து பார்த்த வழக்கம். அதுவும் என் கணக்கில் இல்லை. அவர் கை நிறைய அள்ளினார். அவள் சுழன்றாள். சாம்பல் அவள் இடுப்பிலும் அதற்குக் கீழும் போய் விழுந்தது.

ஈரச் சேலையில் சிவப்பு பரவி வழிந்தது.

முதலில் பின்னால் நின்ற ஒருத்தி கண்டாள். "ஐயோ, இங்க பாருங்க!" உருமி நின்றது. "தீட்டோட வந்திருக்கா." "குழிக்கிட்ட வரைக்கும் வந்துட்டாளே." "வெளிய தள்ளுங்க லா, அம்மா கோவிச்சிடுவா." மாமியார் பிடித்திருந்த கையை விட்டார். அந்தப் பெண்ணுக்கு அருள் கலைந்துவிட்டது. அவள் சேலையைப் பின்னால் இழுத்துப் பார்த்து, "இல்ல, இல்ல அத்த, எனக்கு இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருவர் அவள் மேல் ஒரு துண்டை எறிந்தார்.

நான் நின்ற இடத்தில் இருந்து முப்பது காலடி தூரம் இருக்கும். முழங்கால் வலியோடு ஓடினேன். சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினேன். "வாத்தியாரே, என்ன பண்றீங்க!" என்று தலைவர் கத்தினார். பழத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்தப் பெண்ணின் முந்தானையில் தெறித்திருந்த சிவப்பின் மேல் பிழிந்தேன். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. பூசாரியின் தட்டில் இருந்த சாம்பலைத் தொட்டுப் பக்கத்துப் பெண்ணின் முந்தானையில் வைத்தேன். சிவந்தது. பிழிந்தேன். மறைந்தது.

"சாம்பல்தான்," என்றேன். மூச்சு வாங்கியது. "ரத்தம் இல்ல. மஞ்சள்ல சாம்பல் பட்டா சிவக்கும். எல்லாச் சேலையும் சிவக்கும். இந்தப் பிள்ளை மேல எந்தக் குத்தமும் இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது துணியை இல்லை, சூலத்தைத்தான். "சாமிப் பழத்த கடிச்சிட்டாரு," என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு வண்டிகள் நின்ற பக்கம் நடந்து போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அவளுக்குப் பத்தடி பின்னால் போனார்.

தலைவர் என்னிடம் வந்தார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா வாத்தியாரே? இல்ல இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

மகள் செம்போடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்தான். நான் பிழையாகப் பதில் சொல்லிப் பழகாதவன்.

"வியாழக்கிழமையில இருந்து," என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காடிக்குப் போனாள்.

அன்று பதினொரு பெண்கள்தான் குழியில் இறங்கினார்கள். மற்றவர்கள் காப்பைக் கழற்றிவிட்டார்கள். அந்த வாரத்துக்குள் முப்பத்தொரு சேலைகள் திரும்பி வந்தன. நிர்வாகம் கூடிப் பேசி, அடுத்த ஆண்டு பழையபடி கடைச் சேலையே கட்டலாம், ஓரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தது. வேறு எந்தக் கோயிலிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. மகள் ஒருநாள் தனியாகப் பெண்டாங்குக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இரண்டு மணி நேரத்தில் திரும்பினாள். உள்ளே கூப்பிட்டார்களா, என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் மூன்று முறை கேட்டேன்.

மேசையில் இருந்த கடிதத்தைக் கிழித்தாள். அண்டாக்களை அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டாள். ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை ஆறு இருபதுக்கு நீல மேலங்கியோடு வாசலில் நின்று காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். அது முழு நெகிழி நூல் துணி. இருபத்திரண்டு ஆண்டு துவைத்தும் நிறம் மாறாதது. தொழிற்சாலைப் பேருந்து வர நான்கு நிமிடம் இருந்தது.

"பலாத்தூள் ஒரு சாக்கு அப்படியே இருக்கு," என்றேன். "அது நிக்கும். நான்தான் சோதிச்சேனே."

அவள் குனிந்தபடியே கேட்டாள். "வியாழக்கிழம சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமாப்பா?"

"என்ன?"

"பூசாரிகிட்ட போயிருப்பேன். இந்த ஒரு தடவ சாம்பலுக்குப் பதிலா மஞ்சத்தூள அள்ளி வீசுங்க சாமின்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதான். அவரும் சரிம்மான்னு சொல்லியிருப்பாரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாள் யோசித்தவன் நான். எழுபத்து மூன்று வயது வேறு.

"நீதான் ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு சொன்னே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்.

"நாப்பத்து நாலு வருசத்துல நான் சொன்னத என்னைக்காவது கேட்டிருக்கீங்களாப்பா?"

பேருந்து முனை திரும்பிச் சத்தம் கொடுத்தது. அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள்.